தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்

ஏப்ரல் 19, வெள்ளி

சிட்னிக்கு வந்து பதினேழு நாள் ஆகிறது. மகள் வீடு பரமட்டாவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். ஆபரா ஹவுஸ், பாலம், கங்காரு எல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்தாயிற்று. அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இந்த வாரம் எழுதப் போவது, சுற்றுலாப் பேருந்து நிற்காத ஓர் இடத்தைப் பற்றி.

பக்கத்து வீட்டில் வயதான தம்பதி. வீட்டுக்காரருக்கு எழுபத்தாறு. செவ்வாய் இரவு குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைக்க மகள் மறந்தால் இவர்தான் வைப்பார். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டபடி, உன் வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். ராணுவம் என்றேன். எந்தப் பிரிவு என்றார். "மெட்ராஸ் சாப்பர்ஸ்." குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டார். "சாப்பரா? நானும் சாப்பர்தான்!" அவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் படை, எங்க வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் பொறியாளர் படை. கண்ணிவெடி எடுப்பதும் பாலம் கட்டுவதும் எந்த நாட்டிலும் ஒரே வேலைதான் போல. "நாளைக்குச் சாயங்காலம் எங்களோடு கிளப்புக்கு வா" என்றார். அழைப்பு மாதிரி இல்லை, உத்தரவு மாதிரி இருந்தது. பழக்கப்பட்ட குரல் என்பதால் நானும் சரி என்றேன்.

கிளப் என்றால் ஆர்.எஸ்.எல்., அதாவது 'ரிட்டர்ன்ட் அண்ட் சர்வீசஸ் லீக்' என்ற படைவீரர் சங்கத்தின் பெயரில் நடக்கும் கிளப். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1916இல் தொடங்கிய சங்கம் இது. பெயரிலேயே 'ரிட்டர்ன்ட்' என்ற சொல் இருக்கிறது, திரும்பி வந்தவர்கள் என்று. நம் ஊரில் முன்னாள் படைவீரர் என்போம், இங்கே திரும்பி வந்தவர் என்கிறார்கள். சொல்லிப் பார்த்தால், திரும்பி வராதவனும் கூடவே வந்து நிற்கிறான்.

வாசலில் 'தொப்பியைக் கழற்றவும்' என்று பலகை. பாஸ்போர்ட்டை ஒரு கருவியில் வைத்ததும் என் பெயர் போட்ட சீட்டு வந்தது. அந்தச் சாயங்காலத்துக்கு மட்டும் நான் உறுப்பினர். உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி கம்பளம், ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடை, இன்னொரு பக்கம் பார். அதையும் தாண்டினால் இருட்டான பெரிய அறையில் வரிசையாகக் காசு விழுங்கும் மெஷின்கள். 'போக்கி' என்கிறார்கள். என் வயதுப் பெண்கள் ஆளுக்கு ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். படைவீரர் சங்கம் என்று சொல்லிச் சூதாட்டக் கூடத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்களே என்று எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவள் நான். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சங்கம் வேறு, கிளப் வேறு. சங்கத்தைச் செவ்வாய்க்கிழமை காட்டுகிறேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் அவர் மனைவி, அந்தம்மா, எனக்கு உருளைக்கிழங்கு வறுவலும் இலைதழையும் வாங்கி வந்தார். பாதி சாப்பிட்டிருப்பேன், மணி ஆறு. விளக்குகள் மங்கின. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எல்லாரும் எழுந்து நின்றார்கள். கையில் பீர் வைத்திருந்தவன் அதை மேசையில் வைத்தான், தட்டு எடுத்துப்போன பெண் அப்படியே நின்றாள், போக்கி அறையில் இருந்தவர்களும் எழுந்தார்கள். சுவரோரம் எரியும் சுடர் மாதிரி ஒரு விளக்கு, எல்லார் முகமும் அந்தப் பக்கம். 1914இல் லாரன்ஸ் பின்யன் எழுதிய கவிதையிலிருந்து நாலு வரி. நமக்கு வயதாவதுபோல் அவர்களுக்கு ஆகாது என்று போகும். கடைசி வரி முடிந்ததும் கூடமே சேர்ந்து, நினைவில் வைத்திருப்போம் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மெஷின்கள் மட்டும் தங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன.

விளக்கு வந்தது, பீரை எடுத்தார்கள். தினமும் இப்படித்தானாம், ஆறு மணிக்கு.

அப்புறம் குலுக்கல். பரிசு கறி! ஆட்டுத் தொடை, சாசேஜ், கோழி எல்லாம் தட்டில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றி மேடையில் வைத்திருந்தார்கள். அந்தம்மா ஐந்து டாலருக்குச் சீட்டு வாங்கி, எனக்கும் நாலு கிழித்துக் கொடுத்தார். பெரிய கம்பி டிரம்முக்குள் சீட்டையெல்லாம் போட்டு ஒரு பையன் சுற்றத் தொடங்கினான். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். சிகரெட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

எங்களுக்கு எதுவும் விழவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று மாப்பிள்ளை என்னையும் பேத்தியையும் நகரத்துக்குள் ஹைட் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே 1934இல் திறந்த ஆன்சாக் நினைவகம் இருக்கிறது. ஆன்சாக் என்பது முதல் உலகப்போரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைக்கு வைத்த சுருக்கப் பெயர். உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரைக் கவிகையில் தங்க நிறத்தில் 1,20,000 நட்சத்திரம். முதல் போருக்கு இந்த மாநிலத்திலிருந்து போனவர்களுக்காக வைத்தவை. கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பூங்காவின் தெற்கு மூலையில், ஆக்ஸ்ஃபோர்டு தெரு தொடங்கும் இடத்தில், ஒரு பழைய பீரங்கி. பக்கத்தில் பெயரைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. எம்டன்!

என் மாமியார் பேரன்மார்களைத் திட்டும்போது, "சரியான எம்டன்டா நீ" என்பார். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்றத்துச் சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அப்புறம் அந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் வேறு நடத்தியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அதை முடித்தது ஆஸ்திரேலியக் கப்பல்தான், பெயரே 'சிட்னி'. 1914 நவம்பர் 1ஆம் தேதி ஆல்பனி துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் கூட்டம் கிளம்பியது. அதற்குக் காவலாகப் போனவற்றில் சிட்னியும் ஒன்று. வழியில் கோகோஸ் தீவுப் பக்கம் எம்டன் இருக்கிறது என்று தந்தி வர, நவம்பர் 9ஆம் தேதி போய் அடித்து நொறுக்கியது. காவலில் போன அந்த வீரர்கள்தான் அடுத்த ஏப்ரலில் துருக்கியின் கலிப்போலியில் இறங்கினார்கள். ஏப்ரல் 25, ஆன்சாக் நாள். வருகிற வியாழக்கிழமை.

பீரங்கியின் வாயில் யாரோ காபிக் குவளையைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் குப்பையில் போட்டேன். பேத்திக்கு இரும்பைத் தொட்டுக் காட்டி, "உன் கொள்ளுப்பாட்டி திட்டுவாளே, அந்த எம்டன் இதுதான்" என்றேன். அவள் கொள்ளுப்பாட்டியைப் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு அந்தம்மாவின் சமையலறையில் ஆறு பெண்கள். வியாழக்கிழமை விடியற்காலைக்கு இருநூறு ஆன்சாக் பிஸ்கட் வேண்டுமாம். எல்லாரும் சங்கத்துப் பெண்கள் அணி. மூன்று பேர் என்னைப் போல் கணவனை இழந்தவர்கள். ஒருத்திக்கு நாற்பதுகூட இருக்காது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செய்முறை எழுதியே ஆக வேண்டும். ஓட்ஸ், மைதா, சர்க்கரை, தேங்காய்த் துருவல் ஒரு பாத்திரத்தில். வெண்ணெயும் 'கோல்டன் சிரப்' என்கிற பாகும் அடுப்பில் உருகும். நம் வெல்லப்பாகு ஒற்றைக் கம்பி பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி நிறம், வாசம் மட்டும் சற்று வேறு. ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கொதிநீரில் கரைத்து அந்தப் பாகில் ஊற்ற வேண்டும். ஊற்றினதும் புஸ்ஸென்று நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்புவரை ஏறும். அது அடங்குவதற்குள் மாவில் கொட்டிக் கிளற வேண்டும், அதுதான் சூட்சுமம். முட்டை கிடையாது. அதனால்தான் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்கிறார்கள்.

உருண்டை பிடிக்கச் சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, என் உருண்டைகளைப் பார்த்து அடுப்புப் பக்கம் இருந்தவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பொருள்விளங்கா உருண்டை பிடித்த கை இது. விடுமுறை முடிந்து எங்க வீட்டுக்காரர் பெட்டியோடு கிளம்பும்போதெல்லாம் இரண்டு டின் நிறையப் பிடித்துக் கொடுப்பேன். காட்பாடியில் ஏறி காஷ்மீர் போய்ச் சேர்ந்த பிறகும் மிச்சம் இருக்கும். பல்லுக்குத்தான் சேதம்.

இந்தப் பெயருக்குச் சட்டமே இருக்கிறது. 'ஆன்சாக்' என்ற சொல்லை அரசு அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. பிஸ்கட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழைய செய்முறையை ரொம்ப மாற்றக் கூடாது, 'குக்கி' என்றும் சொல்லக் கூடாதாம். நான் ஏலக்காய் போடலாமா என்று கேட்டதற்கு ஆறு பேரும் ஒரே நேரத்தில் கூடாது என்றார்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சொன்னபடி சங்கத்தைக் காட்டினார். கிளப்புக்குப் பின்னால், மாடிப்படி ஏறினால் ஒரு அறை. கீழே இருக்கிற பளபளப்பு எதுவும் இங்கே இல்லை. தேய்ந்த கம்பளம், நாலு மேசை, கெட்டில், சுவர் முழுக்கப் புகைப்படம். கீழே நடக்கும் கிளப் தனி நிர்வாகம், வருகிறவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள். மேலே இருப்பது படைவீரர்கள் மட்டும் உறுப்பினரான சங்கம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதில் இவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "போக்கி காசில் எங்களுக்கும் வருகிறது, வாங்கிக்கொள்கிறோம். பெருமைப்பட்டுக்கொள்வதில்லை" என்றார். என் அபிப்பிராயம் மாறவில்லை, ஆனால் அவர் சொன்ன விதம் பிடித்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் பட்டது, எல்லாரும் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். பீரங்கி, வெடி, ஹெலிகாப்டர் என்று ஆளாளுக்குக் காது போயிருக்கிறது. காது கேளாமைக்கு அரசிடம் இழப்பீடு கேட்கும் படிவத்தைத்தான் மூலையில் ஒருவர் இன்னொருவருக்கு நிரப்பிக்கொண்டிருந்தார், அதையும் கத்திக் கத்தி. அவரை அட்வகேட் என்கிறார்கள். வக்கீல் இல்லை, பயிற்சி எடுத்த தன்னார்வலர். எந்த நோய்க்கு எந்தப் படிவம், எதற்கு மருத்துவர் கடிதம், வெள்ளை அட்டைக்கும் தங்க அட்டைக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. தங்க அட்டை இருந்தால் எந்த வியாதிக்கும் வைத்தியச் செலவை அரசு பார்த்துக்கொள்ளும். சில விதவைகளுக்கும் அது கிடைக்கும்.

அந்த மேசையைப் பார்த்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டது. எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் சங்கம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கிறது. அங்கேயும் காகிதம்தான். நவம்பர் ஆனால் உயிரோடு இருப்பதற்கான சான்று, மற்ற மாதங்களில் கேன்டீன் அட்டை, மருத்துவ அட்டை, ஓய்வூதியப் பாக்கி. 2015இல் அவர் போன பிறகு என் குடும்ப ஓய்வூதியம் ஓர் எழுத்தால் நின்றது. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், ஆதாரில் அது இல்லை. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், பதினான்கு மாதம் அலைந்தேன். நானும் அதே ஆள்தான் என்று எனக்கு நானே சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. சங்கத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற சுபேதார், எழுபத்தெட்டு வயது, பதினொரு முறை என்னோடு பஸ்ஸில் வந்தார். டிக்கெட்டுக்குக்கூட என்னிடம் காசு வாங்கவில்லை. எட்டாவது முறையோ என்னவோ, அங்கே இருந்த பையன் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் நாளை வரச் சொன்னான். சுபேதார் ஐயா நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "நீ உட்காரும்மா. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கலாம்" என்றார். அன்று வேலை நடந்தது.

இந்தக் கதையைச் சொன்னேன். அட்வகேட் எழுந்து வந்து கை கொடுத்தார். எனக்கில்லையாம், அந்த சுபேதாருக்காம்.

இளம் வயதுக்காரர்கள் அறையில் மூன்று பேர்தான். ஆப்கானிஸ்தான் போய் வந்தவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லையாம். திரும்பி வந்த பிறகு தற்கொலை செய்துகொள்ளும் வீரர்களைப் பற்றி விசாரிக்க 2021இல் ராயல் கமிஷனே அமைத்தார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை காபிக்கு வராதவர்களுக்கு ஒரு சுற்றுப் போன் போடுகிறார்கள். எதற்கு என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. "கார் ஓடுதா, நாய் நல்லா இருக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

பிறகு என்னையும் ஒரு தட்டோடு ரயில் நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள், ஆன்சாக் நிதிக்கு பேட்ஜ் விற்க. டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளியில் உண்டியல் குலுக்கிய அனுபவம் கை கொடுத்தது. புடவையைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் நிறைய வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஐந்து டாலர் போட்டார், பேட்ஜ் வேண்டாம் என்றார். ராணுவம் என்றாலே எல்லாருக்கும் ஒரே நினைப்பு வராது அல்லவா. நானும் வற்புறுத்தவில்லை.

கூட்டம் குறைந்த நேரத்தில், நீங்கள் எப்படி ராணுவத்தில் சேர்ந்தீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். எங்கள் பக்கம் போல அப்பா, தாத்தா வழி, அல்லது வயிற்றுப்பாடு என்று நினைத்தேன்.

"பிறந்தநாள்" என்றார்.

1964இல் இங்கே கட்டாய ராணுவச் சேவை கொண்டுவந்தார்கள், ஆனால் எல்லாருக்கும் இல்லை. இருபது வயதான பையன்கள் பெயரைப் பதிய வேண்டும். பிறகு ஒரு டிரம்மில் தேதி எழுதிய கோலிகளைப் போட்டுச் சுற்றுவார்கள், லாட்டரிக்கு வைத்திருந்த மாதிரி டிரம். உன் பிறந்த தேதி வந்தால் நீ போக வேண்டும். 1972வரை இது நடந்தது. அப்படிப் போனவர்களில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் வியட்நாம் போனார்கள், இருநூறு பேர் அளவில் திரும்பவில்லை. "என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த ஒரே குலுக்கல்" என்றார். ஒரு பெண் வந்து பேட்ஜ் கேட்டாள், சில்லறை கொடுத்து அனுப்பினார்.

பிறகு அவரே, கேட்காமலே, இன்னும் கொஞ்சம் சொன்னார். 1967இல் ஆஸ்திரேலியப் படை அங்கே 11 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டு இருபதாயிரத்துக்கும் மேல் கண்ணிவெடி புதைத்தது. எதிரி இரவில் வந்து அவற்றைத் தோண்டி எடுத்துப் போய், இவர்கள் நடக்கிற பாதையிலேயே புதைத்தான். அதைத் தேடி எடுக்கிற வேலை சாப்பர்களுக்கு. "எங்கள் வெடி. எங்கள் கடைச் சரக்கு" என்றார். ஊர் திரும்பினால் இங்கே போருக்கு எதிராக ஊர்வலம். சில சங்கங்களில் பெரிய போர் பார்த்த கிழவர்கள், உன்னுடையது ஒரு போரா என்றார்களாம். 1987 அக்டோபரில்தான் சிட்னியில் இவர்களுக்கு வரவேற்பு ஊர்வலம் நடந்தது. அதுவரை இவர் இந்தப் படி ஏறவில்லை.

நான் வெள்ளிக்கிழமை டிரம்மைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, புதன்

நாள் முழுக்க மழை. சாயங்காலம் அந்தம்மா வந்து, நாளைக்கு வீட்டுக்காரர் மெடலைக் குத்திக்கொண்டு வா என்றார். சொந்த மெடல் என்றால் இடது பக்கம், குடும்பத்தாருடையது என்றால் வலது பக்கம், அதுதான் இங்கே முறை. மெடல் எல்லாம் காட்பாடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போனதும் மகள் உள்ளே போய் ஒரு சின்ன நகைப்பெட்டியோடு வந்தாள். திறந்தால் அவருடைய பூர்வி ஸ்டார். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. முதல் முறை ஆஸ்திரேலியா கிளம்பியபோது டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். "கேட்டா குடுக்க மாட்டேன்னு நெனச்சேம்மா. நீ தேடுவியோன்னு ரொம்ப நாள் பயமா இருந்தது."

நான் தேடவே இல்லை. அவர் போன பிறகு அந்தப் பெட்டியை டிஸ்சார்ஜ் புத்தகத்துக்காகத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 25, வியாழன்

நாலு மணிக்கே எழுப்பிவிட்டாள். புடவைக்கு மேல் மாப்பிள்ளையின் ஜாக்கெட், தலைக்கு மஃப்ளர். தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் இறங்கி வந்தார்கள், மார்கழிப் பஜனைக்குப் போகிற மாதிரி. பூங்காவில் நினைவுத் தூணைச் சுற்றி நானூறு, ஐந்நூறு பேர் இருப்பார்கள். இருட்டு. யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை.

விடியற்காலையில் எதற்கு என்றால், 1915இல் கலிப்போலிக் கரையில் இறங்கியது இந்த நேரத்தில்தான். எட்டு மாதம் அந்தக் குன்றுகளில் கிடந்து, எட்டாயிரம் ஆஸ்திரேலியர்களுக்கு மேல் செத்து, டிசம்பரில் கிளம்பி வந்துவிட்டார்கள். தோற்ற போர். தோற்ற நாளை இப்படிக் கொண்டாடுகிற தேசம் வேறு உண்டா தெரியவில்லை. கொண்டாட்டம் என்றும் சொல்ல முடியாது, திதி என்றால் பொருந்தும். அன்று அவர்களோடு நம்மவர்களும் இருந்தார்கள். இந்திய மலைப் பீரங்கிப் படை அதே கரையில் அதே நாளில் இறங்கியது, தண்ணீரும் குண்டும் சுமந்து போனது இந்தியக் கோவேறு கழுதைப் படை. இன்றைக்குப் பேசியவர் அதை ஒரு வரி சொன்னார். பக்கத்தில் நின்ற சீக்கியப் பெரியவர் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் கோட்டு போட்டுப் பட்டாளத்து நடையில் வந்தார். இடது பக்கம் அவர் மெடல்கள், வலது பக்கம் அவருடைய அப்பாவுடையவை, நியூ கினியில் ஜப்பானியரோடு போரிட்டவர். இரண்டு மார்பும் நிறைந்திருந்தது. நான் ஜாக்கெட்டைத் திறந்து வலது தோள் பக்கம், புடவைத் தலைப்பில் படாமல் ரவிக்கையில் குத்தியிருந்த ஸ்டாரைக் காட்டினேன். குனிந்து நாடாவின் நிறங்களைப் பார்த்தார். மகள் அது எந்தப் போர் என்று சொன்னாள்.

ரோஸ்மேரிக் கொத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். கலிப்போலிக் குன்றுகளில் தானாக முளைக்கிற செடி. கசக்கினால் மரிக்கொழுந்துக்கு அண்ணன் மாதிரி ஒரு காரவாசம். சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். பேத்தி என்ன செய்தாள் என்றால், மஃப்ளரை இறக்கி என் கொண்டையில் செருகிவிட்டாள். "ஆயா, ஸ்மெல் நல்லா இருக்கு." மகள் பதறி எடுக்க வந்தாள். இருக்கட்டும் என்றேன். தலையில் ஏதாவது வைத்து ஒன்பது வருடம் ஆகிறது.

பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' வாசித்தார்கள். வாசித்தது பள்ளிக்கூடப் பையன், இரண்டு இடத்தில் பிசிறடித்தது. அப்புறம் மௌனம். தூரத்தில் முதல் ரயில் போகிற சத்தம், யாரோ ஒரு குழந்தை இருமியது. எங்க வீட்டுக்காரர் போனபோது பியூகிள் எல்லாம் இல்லை, ஊர் மேளம்தான். சுபேதார் ஐயா மட்டும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

வெளிச்சம் வந்ததும் கிளப்பில் 'கன்ஃபயர்' காலைச் சாப்பாடு. அந்த நாளில் தாக்குதலுக்கு முன் சிப்பாய்களுக்குக் கொடுத்ததாம், காபியில் ரம். கேன்டீன் கோட்டா ரம்மை அவர் யார் யாருக்கோ கொடுத்து, பதிலுக்கு வீட்டுக்குச் சிமெண்ட் மூட்டை வாங்கியதுதான் எனக்குத் தெரிந்த ரம் கதை. எனக்கு வெறும் டீ. பிஸ்கட் தட்டில் என் உருண்டைகள் எவை என்று பார்த்ததும் தெரிந்தது, ஒரே அளவாக இருந்தன.

மத்தியானம் கார் நிறுத்தும் இடத்தில் வட்டமாகக் கூட்டம். 'டூ-அப்' என்று ஒரு சூதாட்டம். பழைய பென்னிக் காசு இரண்டை ஒரு சின்னப் பலகையில் வைத்து ஒருவர் மேலே சுண்டுவார். இரண்டும் தலை என்றால் தலைக்காரனுக்கு, இரண்டும் பூ என்றால் பூக்காரனுக்கு, ஒன்றுக்கொன்று மாறி விழுந்தால் மறுபடி. போர்முனையில் சிப்பாய்கள் ஆடியது. இந்த மாநிலத்தில் பெரும்பாலான இடங்களில் வருடத்தில் மூன்று நாள்தான் வெளியில் இதை ஆட சட்டம் விடுகிறது, ஆன்சாக் நாள் அதில் ஒன்று. தலைக்குக் கட்டுகிறவர்கள் நோட்டைத் தங்கள் தலைமேல் வைத்துக் கத்துகிறார்கள். மாப்பிள்ளையும் தலையில் ஐந்து டாலரோடு நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டே சுண்டலில் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் வட்டத்துக்கு வெளியே, காசு மேலே போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தபடி, ஒருவருக்கு இடம் விட்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 26, வெள்ளி

மறுபடி கிளப். இந்த முறை நானே பாஸ்போர்ட்டை வைத்துச் சீட்டு எடுத்தேன். ஆறு மணிக்கு விளக்கு மங்கியபோது, பதில் வரியை நானும் சொன்னேன், கொஞ்சம் பிந்தி.

காலையில் மகனுக்குப் போன் போட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து மற்ற மெடல்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். "இப்ப எதுக்கும்மா?" என்றான். சாவி கிடைக்கவில்லையாம். சாவி அரிசி டிரம்மின் அடியில் இருக்கிறது, அதை அவனிடம் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பையன் கம்பி டிரம்மை மேடைக்கு உருட்டி வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். இந்த முறை நானும் எழுந்து கூடப் போனேன். வெளியே படிக்கட்டில் நின்றோம். அவர் சிகரெட் பிடிக்கவில்லை, அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை நிறையக் காய்த்திருக்கிறது, ஊறுகாய் போடுவாயா என்று கேட்டார். போடலாம், ஆனால் நல்லெண்ணெய் வேண்டும் என்றேன். உள்ளே எண்களைப் படித்துக்கொண்டிருந்தது மங்கலாகக் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு அந்தம்மா ஓடி வந்தார், கையில் தட்டு. என் சீட்டுக்கு விழுந்திருக்கிறது.

"என்ன?" என்றார் அவர்.

"ஆட்டுத் தொடை."

அவர் என்னைப் பார்த்தார். "இன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆயிற்றே."